என்ஜின் விடுற மூச்சு எங்கே போகுது? கேட்ச் கேன் பற்றி ஒரு எபிசோடு

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் நடுவில் வந்த லாரி ஹாரனையும் எடுத்துவிட்டோம். நேயர் கேள்விகள் கடைசியில்.)

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேயில் போனால் இடது கைப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை. அந்த ஒரே ஊரில் ரெண்டு விஷயம் அக்கம்பக்கமாக இருக்கு. ஒண்ணு ஹூண்டாய் தொழிற்சாலை, 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த இடம். இன்னொண்ணு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் டிராக். சோழவரத்தில், உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கிட்டு இருந்த கிளப், 1990-ல் இங்கே சொந்த டிராக் திறந்தது. ஒரு ரவுண்டு சுமார் 3.7 கி.மீ.

தொழிற்சாலை கேட்டில் இருந்து வெளியே வர்ற ஒவ்வொரு காரும் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது: என்ஜினோட வயித்துக்குள்ளே சேர்ற புகை ஒரு துளிகூட நேரா வெளிக்காத்தில் கலக்கக் கூடாது. அதே கார் ரெண்டு வருஷம் கழிச்சு, ரீமேப் பண்ணி, பெரிய இன்டர்கூலர் போட்டு, டிராக் டே அன்னைக்குப் பக்கத்து கேட்டுக்கு வருது. பானெட்டைத் தூக்கினால் டேப்பெட் கவர் மேலே எலுமிச்சம்பழம் சைஸில் பளபளன்னு ஒரு குட்டி ஃபில்டர். அதைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. சிக்னலில் நின்னா ஏசி வழியா தீஞ்ச எண்ணெய் வாசனை. இந்த ரெண்டு கேட்டுக்கும் நடுவில் என்ன நடந்துச்சு? அதுதான் இன்னைக்கு.

பேக் கம்ப்ரஷன்

நம்ம ஊர் மெக்கானிக் யாரிடமாவது "பிளோ-பை"ன்னு சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். "பேக் கம்ப்ரஷன்"னு சொல்லுங்க, உடனே புரியும். விஷயம் ஒண்ணுதான். சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளணும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் ரிங் இருக்கு. ரிங் முழு வட்டம் கிடையாது. சூட்டில் விரியறதுக்கு அதில் ஒரு சின்ன வெட்டு விட்டிருப்பாங்க. அந்த வெட்டு வழியாகவும், ரிங்கைச் சுத்தியும், கொஞ்சம் வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் நழுவும். புது என்ஜினிலும் நழுவும். இது பழுது இல்லை, என்ஜினோட இயல்பு.

எவ்வளவு நழுவும்னு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் டர்போ என்ஜின், 6000 ஆர்பிஎம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். ஆக நிமிஷத்துக்கு 3000 லிட்டர். டர்போ ஒரு பார் பூஸ்ட் கொடுத்தால் அதே இடத்தில் ரெண்டு மடங்கு காத்து அடையும், அதாவது கிட்டத்தட்ட 6000 லிட்டர் வெளிக்காத்து. இதில் நூத்துக்கு ஒண்ணு ரிங்கைத் தாண்டி நழுவுதுன்னு கணக்குக்காக வச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 60 லிட்டர். வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் வாட்டர் கேன் மூணு, ஒவ்வொரு நிமிஷமும், உங்க ஆயில் சேம்பருக்குள்ளே இறங்குது.

இறங்கிய வாயு வெளியே போக வழி வேணும். இல்லைன்னா உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் எங்கே பலவீனமோ அங்கே பிதுக்கும்: டேப்பெட் கவர் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல், சில நேரம் டிப்ஸ்டிக்கையே மேலே தூக்கி அடிச்சிடும். டர்போ வண்டியில் இன்னொரு சங்கடம் இருக்கு. டர்போவுக்குப் போன ஆயில் பம்ப் எதுவும் இல்லாமல், சும்மா புவியீர்ப்பில், சேம்பருக்குத் திரும்பி வடியும். சேம்பரில் அழுத்தம் இருந்தால் அந்த வடிகால் தேங்கும். தேங்கிய ஆயில் டர்போ சீலைத் தாண்டி சைலன்சருக்குப் போகும். பின்னாடி நீலப்புகை. "டர்போ போச்சு"ன்னு சொல்லிப் புது டர்போ மாத்துவாங்க. அதுவும் ஒரு மாசத்தில் புகையும். பாவம், ரெண்டு டர்போ மேலேயும் தப்பு இருந்திருக்காது.

நழுவி வர்ற வாயு சுத்தமான வாயுவும் கிடையாது. உள்ளே கிராங்க் ஷாஃப்ட் சுழன்று ஆயிலைத் துளித்துளியாக அடிச்சுக்கிட்டு இருக்கு. அந்தச் சாரல், எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் அதோடு சேரும். நீராவி எங்கிருந்துன்னு கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போயிடும். நழுவிய பங்கு உள்ளே தங்கும்.

கம்பெனி என்ன செஞ்சு அனுப்புது

ஒரு காலத்தில் இதுக்குப் பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. என்ஜினில் இருந்து ஒரு குழாயைக் கீழே இறக்கி, நுனியைச் சாய்வா வெட்டி விட்டிருந்தாங்க. வண்டி ஓடும்போது அடியில் போற காத்து அதில் இருந்து ஆவியை உறிஞ்சி ரோட்டில் விடும். லாஸ் ஏஞ்சலஸில் புகைமூட்டம் கண்ணை எரிச்ச காலத்தில் ஆராய்ஞ்சு பார்த்தப்போ, கார் விடும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சைலன்சரில் இருந்து இல்லை, இந்தக் குழாயில் இருந்து வருதுன்னு தெரிஞ்சது. 1961-ல் கலிஃபோர்னியா இதை அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அமெரிக்காவில் கார் புகைக்கு வந்த முதல் கட்டுப்பாட்டுக் கருவியே இதுதான். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லாம் அப்புறம்.

அடைக்கிறதுன்னா மூடி போடறது இல்லை. ஆவியைத் திரும்ப என்ஜினுக்கே ஊட்டி எரிக்கிறது. அதுக்கு வைக்கிற வால்வுதான் பிசிவி. ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம். பிசிவி வால்வு பாதி மூடி, அளவா உறிஞ்ச விடும். சாதாரண ஓட்டத்தில் நல்லாத் திறக்கும். டர்போ பூஸ்ட் அடிக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் இல்லை, அழுத்தம்தான் இருக்கு. அப்போ வால்வு முழுசா மூடிக்கும், இல்லைன்னா பூஸ்ட் நேரா சேம்பருக்குள் இறங்கிடும். அந்த நேரத்துக்கு ரெண்டாவது வழி ஒண்ணு இருக்கு. டேப்பெட் கவரில் இருந்து டர்போவுக்கு முன்னாடி, ஏர் ஃபில்டருக்குப் பின்னாடி சேர்ற ஓஸ். டர்போ காத்தை இழுக்கும்போது அங்கே லேசான உறிஞ்சல் உண்டாகும், ஆவி அந்தப் பக்கம் போகும்.

இந்த ரெண்டு வழியும் மனசில் இருக்கட்டும். டர்போ வண்டியில் கேட்ச் கேன் போட்டுச் சொதப்பற முக்கால்வாசிப் பேர் ஒரு வழியை மட்டும் பார்த்துட்டு மறு வழியை விட்டுடறாங்க. டிராஃபிக்கில் ஓட்டறவருக்கு முதல் வழிதான் அதிகம் வேலை செய்யும். டிராக்கில் ஓட்டறவருக்கு ரெண்டாவது வழி.

ஆயிலைப் பிரிக்கிறதுக்கு டேப்பெட் கவருக்குள்ளேயே தடுப்புகள் வச்சிருப்பாங்க. ஸ்டாக் பவருக்கு அது போதும். சில என்ஜினில் இதற்குன்னு ரப்பர் டயஃப்ரம் ஒண்ணு இருக்கும். லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ வச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கும்: அந்த ரப்பர் கிழிஞ்சால் என்ஜினில் இருந்து விசில் சத்தம் வரும், டிப்ஸ்டிக்கை லேசாத் தூக்கினால் விசில் நின்னுடும். உள்ளே உறிஞ்சல் எல்லை மீறிப் போய் ஆயில் சீல் வழியாகக் காத்தை இழுக்குதுன்னு அர்த்தம். அதாவது அழுத்தம் கூடினாலும் பிரச்சினை, உறிஞ்சல் கூடினாலும் பிரச்சினை.

பவர் ஏத்தினா

இப்போ ரீமேப் பண்றோம். பூஸ்ட் ஏறுது. சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறுது, ரிங்கைத் தாண்டி நழுவறதும் ஏறுது. ஆனா வெளியே போற ஓஸும் டேப்பெட் கவர் தடுப்பும் பழைய அளவிலேயே இருக்கு. அதே வாசலில் கூட்டம் கூடினால் என்ன ஆகும்? தள்ளிக்கிட்டு ஓடுவாங்க. அந்த வேகத்தில் வாயு ஆயில் துளியையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகுது.

போன ஆயில் முதலில் டர்போ பைப்பில் படியும், அப்புறம் இன்டர்கூலர் அடியில் குளமாகும். கொஞ்சம் ஈரம் எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். குளம் கட்டினால் யோசிக்கணும். அது சிலிண்டருக்குள் போனால் இன்னும் மோசம். ஆயில் பெட்ரோலை விடச் சுலபமா தானாப் பத்திக்கும். நீங்க 95, 100 ஆக்டேன்னு காசு கொடுத்து ஊத்தினதை ஆயில் சாரல் உள்ளே போய்க் குறைச்சிடும். நாக் சென்சார் தட்டல் சத்தத்தைக் கேட்கும், ஈசியூ உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். டைனோவில் காட்டின பவர் மூணாவது ரவுண்டில் காணோம்னு புலம்பறவங்களில் சிலருக்கு காரணம் சூடு. சிலருக்கு இது.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் இன்னொரு செலவு இருக்கு. வென்யூ, ஐ20 என் லைன் 1.0 டர்போவும் இந்த வகைதான். பழைய என்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வுக்கு முன்னாடியே தெளிக்கும், வால்வைக் கழுவிக்கிட்டே போகும். இதில் நேரா சிலிண்டருக்குள் தெளிக்குது. வால்வு முதுகில் படியும் ஆயிலைக் கழுவ யாரும் இல்லை. தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் தீஞ்சு கரி ஏறும் பாருங்க, அதே கதை. அதை எடுக்க மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சுச் சுரண்டணும்.

கேன் என்ன செய்யுது

கேட்ச் கேன் வேலையே வேகத்தைக் குறைக்கிறதுதான். நம்ம 60 லிட்டர் கணக்கையே எடுங்க. 8 மி.மீ. உள்விட்டம் உள்ள ஓஸில் அது போனால் வேகம் விநாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கி.மீ. அதே வாயு 19 மி.மீ. ஓஸில் போனால் மணிக்கு 13 கி.மீ.க்கும் கொஞ்சம் கீழே. 80 மி.மீ. விட்டமுள்ள கேனுக்குள் நுழைஞ்சால் மணிக்கு ஒரு கி.மீ.கூடக் கிடையாது. 72-ல் பறக்கும் பஸ்ஸில் இருந்து யாரும் இறங்க முடியாது. ஸ்டாப்பிங் கிட்ட ஊர்ந்து போனால் எல்லாரும் குதிச்சிடுவாங்க. ஆயில் துளியும் அப்படித்தான் கேனில் இறங்குது.

ஆனா எல்லாத் துளியும் இறங்காது. மைக்ரானுக்கும் கீழே உள்ள பொடித்துளி காத்தோடு காத்தா மிதந்து, வளைஞ்சு நெளிஞ்சு வெளியே போயிடும். அதைப் பிடிக்கத்தான் உள்ளே தடுப்புத் தகடு, கம்பி வலை எல்லாம். வாயு வளையும், துளியால் அவ்வளவு வேகமா வளைய முடியாது, வலையில் மோதி ஒட்டும், ஒட்டினது சேர்ந்து பெருசாகிக் கீழே சொட்டும். உள்ளே எதுவுமே இல்லாத வெத்து டப்பா விற்கிறாங்க. நீல கலர் அனோடைஸ் பண்ணி, ஸ்டிக்கர் ஒட்டி. அதில் இன்லெட்டும் அவுட்லெட்டும் மூடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாயு ஒரு வாசலில் நுழைஞ்சு அடுத்த வாசலில் வெளியே. கார் ஷோவில் நல்லா இருக்கும்.

நான் வாங்கினா மூணு விஷயம் பார்ப்பேன்: உள்ளே தடுப்பு இருக்கா, துவாரம் கம்பெனி ஓஸை விடச் சின்னதா இல்லாமல் இருக்கா, திறக்காமலே ஆயில் மட்டம் தெரியுமா. துவாரம் சின்னதா இருந்தால் நல்ல கேன்கூட என்ஜினுக்குத் தொண்டை அடைப்புதான். 8 மி.மீ. துவாரத்தோட பரப்பு 19 மி.மீ. துவாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஓஸ் விஷயத்தில் பலபேர் கஞ்சத்தனம் காட்டறாங்க. ரேடியேட்டர் ஓஸ் வெட்டிப் போடறது, ஹார்டுவேர் கடையில் தண்ணீருக்கு விற்கிற கண்ணாடி ட்யூப் போடறது. சூடான ஆயில் ஆவி பட்டால் முதலாவது ஊதி மெத்துன்னு ஆகும், ரெண்டாவது காஞ்ச கொம்பு மாதிரி விறைச்சு வெடிக்கும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ஓஸ்தான் குறைஞ்சபட்சம். உறிஞ்சலில் சப்பையாகாத அளவுக்குத் தடிமனும் வேணும். என்ஜினில் இருந்து கேனுக்குப் போற வழியில் ஓஸ் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. தொங்கின இடத்தில் தண்ணீரும் ஆயிலும் தேங்கி அதுவே அடைப்பாகும்.

இடம்? டர்போ பக்கத்தில் வேண்டாம். குளிர்ச்சியா இருந்தால்தான் ஆவி திரவமாகும். ஹெட்லைட்டுக்குப் பின்னாடி, காத்து படற இடம் நல்லது. பம்பருக்கு அடியில் ரொம்பக் கீழே வச்சு, வேளச்சேரி மழைத்தண்ணியில் டிரெயின் குழாயை இடிச்சுக்காதீங்க.

குட்டி ஃபில்டர் தகராறு

இனி அந்த எலுமிச்சம்பழ ஃபில்டர். "அண்ணே, எல்லா ஓஸையும் கழட்டி எறிஞ்சிட்டு டேப்பெட் கவரில் பிரீதர் ஃபில்டர் மாட்டிட்டா இன்டேக்குக்கு ஆயிலே போகாதே, சிம்பிள் தானே?" ஆமாம், போகாது. அந்த ஒரு விஷயத்தில் அது நூறு சதவீதம் வேலை செய்யுது. மத்த எல்லாத்திலும் தோக்குது.

முதல்ல, உறிஞ்சல் போச்சு. பிசிவி ஆவியைச் சும்மா வெளியே விடறதில்லை, இழுத்து எடுக்குது. ஒரு பக்கம் சுத்தக் காத்து உள்ளே வந்து, தண்ணீரையும் பெட்ரோலையும் அள்ளிக்கிட்டு மறுபக்கம் போகும். ஃபில்டர் மட்டும் வச்சால் அழுத்தம் வந்தால்தான் ஆவி வெளியே கசியும், மத்த நேரம் உள்ளேயே தேங்கும். அண்ணா நகரில் இருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் மட்டும் ஓட்டறவர் என்ஜினில் ஆயில் சீக்கிரமே கெட்டுப்போறதுக்கு இது போதும். ரெண்டாவது, ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஓஸைக் கழட்டி மறுமுனையைச் சரியா அடைக்கலைன்னா கணக்கில் வராத காத்து உள்ளே போகும். ஐடில் ஆடும், செக் என்ஜின் லைட் எரியும். மூணாவது, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே எண்ணெயில் ஊறின ஒரு பஞ்சு. பத்திக்கக் காரணம் தனியாத் தேட வேண்டியதில்லை.

சட்டம்? பாரத் ஸ்டேஜ் சோதனையில் கிராங்க் கேஸ் வாயுவுக்குன்னே தனிச் சோதனை இருக்கு. வெளியே எதுவும் வரக் கூடாது என்பதே அளவு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். "பியூசி பாஸ் ஆயிடுச்சே"ன்னு சொல்லாதீங்க. பியூசி கருவி சைலன்சர் நுனியை மட்டும்தான் மோந்து பார்க்கும். பானெட்டுக்கு அடியில் கசியறது அதுக்குத் தெரியாது. அதனால் ரோட்டில் ஓடும் வண்டிக்கு என் கருத்து ஒண்ணுதான்: கேன் வைக்கிறதா இருந்தால் கம்பெனி வழிகளுக்கு நடுவில் வையுங்க, அவுட்லெட் திரும்ப இன்டேக்குக்கே போகட்டும்.

டிராக்கில் வேற கணக்கு

டிராக்கில் திறந்த பிரீதருக்கு அனுமதி உண்டு, ஆனா அது ஒரு டப்பாவுக்குள்தான் முடியணும். எஃப்ஐஏ விதியில் அளவே இருக்கு: 2000 சிசி வரைக்கும் குறைஞ்சது 2 லிட்டர் டப்பா, அதுக்கு மேலே 3 லிட்டர், உள்ளே எவ்வளவு இருக்குன்னு வெளியே இருந்து தெரியணும். ஏன் 2 லிட்டர்? அந்த டப்பா தினசரி ஆவிக்காக மட்டும் வச்சது இல்லை. பிஸ்டன் ஓட்டையாகி, சேம்பர் ஆயில் மொத்தமும் பிரீதர் வழியாகக் கக்கும் அந்த ஒரு நாளுக்காக.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காரும் ஓடும், பைக்கும் ஓடும். தேசிய பைக் ரேஸ் நடக்கிற இடம் அது. உங்க கார் நீளமான வளைவில் போகும்போது ஆயில் ஹெட்டுக்குள் ஒரு ஓரமா ஒதுங்கும். பிரீதர் வாய் அந்த ஓரத்தில் இருந்தால் ஆவி இல்லை, ஆயிலே போகும். கேன் இல்லை, இல்லைன்னா போன செஷனில் காலி பண்ண மறந்த கேன், நிரம்பி வழியுது. ரேஸிங் லைனில் கைக்குட்டை அகலத்துக்கு ஆயில். காரில் வர்றவர் சறுக்கிச் சமாளிச்சிடுவார். அடுத்த செஷனில் முழங்கால் தரையில் உரச, சாய்ஞ்சு வர்ற பைக்காரர் என்ன செய்வார்? மார்ஷல்கள் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி காட்டறது இதுக்குத்தான். பைக் ரேஸில் என்ஜினுக்கு அடியில் உள்ள ஃபேரிங்கே, ஆயில் கூலன்ட் ரெண்டும் சேர்த்து பாதியையாவது தாங்கும் தொட்டி மாதிரி இருக்கணும்னு சர்வதேச விதி சொல்லுது. அவங்க இதை விளையாட்டா எடுத்துக்கலை.

டிராக் டேக்குப் போறவங்க டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி "சேஃப்டிக்கு அரை லிட்டர்" ஊத்தறதை நிறுத்துங்க. மட்டம் உசந்தால் கிராங்க் அதை அடிச்சு நுரையாக்கி, நேரா பிரீதருக்கு அனுப்பும். டிரை சம்ப், வேக்கம் பம்ப் எல்லாம் இருக்கு; வீக்கெண்ட் வண்டிக்குத் தேவைப்படாது, விட்டுடுவோம்.

அளந்து பாருங்க

கேன் வாங்கறதுக்கு முன்னாடி என்ஜினோட மூச்சை அளந்திடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூப் தெரியுமில்லையா? அதேதான். ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கண்ணாடி ட்யூபை யு மாதிரி வளைச்சுப் பாதி தண்ணீர் ஊத்துங்க. ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காத்துப் போகாமல் செருகுங்க, மறுமுனை திறந்திருக்கட்டும். ஐடிலில் விட்டுப் பாருங்க. ரெண்டு பக்கத் தண்ணீர் மட்ட வித்தியாசம் 100 மி.மீ. என்றால் சுமார் 10 மில்லிபார். நல்ல என்ஜினில் தண்ணீர் என்ஜின் பக்கம் லேசா இழுபடும். வெளிப்பக்கம் தள்ளினால் எங்கோ அடைப்பு, இல்லைன்னா ரிங் தேய்மானம். யு-வோட கைகள் நீளமா இருக்கணும், தண்ணீர் உள்ளே போயிடக் கூடாது. இதை மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டவும் கூடாது. ஓடும்போது தெரியணும்னா பிரஷர் சென்சார் வச்சு லாகர் போடணும்.

தள்ளுதுன்னு தெரிஞ்சால் அடுத்தது லீக் டவுன் டெஸ்ட். சிலிண்டருக்குள் காத்தடிச்சு எங்கே கசியுதுன்னு காதை வச்சுக் கேட்கிறது. ஆயில் மூடிப் பக்கம் உஸ்ஸுன்னு கேட்டால் ரிங். ரிங் போன என்ஜினுக்குக் கேட்ச் கேன் மாட்டறது ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைக்கிற மாதிரி. வாளி நல்ல வாளிதான், கூரை அப்படியேதான் இருக்கும்.

நேயர் கேள்விகள்

"கேனில் மோர் மாதிரி வெள்ளையா இருக்கு. ஹெட் கேஸ்கெட் போச்சா?"

பெரும்பாலும் இல்லை. தண்ணீரும் ஆயிலும் கலந்த குழம்பு அது. குட்டிக் குட்டி ஓட்டம், மார்கழி காலை, மழைக்காலம், இதிலெல்லாம் அதிகமா வரும். கூலன்ட் மட்டம் குறையுதா, டிப்ஸ்டிக்கிலும் அதே வெள்ளை இருக்கான்னு பாருங்க. ரெண்டும் இல்லைன்னா நிம்மதியாத் தூங்குங்க. அந்தத் தண்ணீர் கேனில் சேர்ந்ததே நல்லது.

"ஆன்லைனில் வாங்கின கேன் உள்ளே காலி. பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் ஸ்க்ரப்பர் போட்டு அடைக்கலாமா?"

பலபேர் செய்யறாங்க, ஆயிலும் பிடிக்குது. ஆனா அந்தச் சுருள் உதிரும். உதிர்ந்த கம்பித் துணுக்கு அவுட்லெட் வழியாப் போனால் அடுத்த நிறுத்தம் டர்போ. அதன் இறக்கை சுழலும் வேகத்தில் ஒரு துணுக்கு போதும். ரெண்டு பக்கமும் துளையிட்ட தகடு வச்சு இறுக்கத் தெரிஞ்சால் செய்யுங்க, இல்லைன்னா தடுப்போட வர்ற கேனா வாங்குங்க.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை காலி பண்ணணும்?"

முதல் மாசம் வாரம் ஒரு தடவை திறந்து, எத்தனை கி.மீ.க்கு எத்தனை மில்லின்னு போனில் குறிச்சு வையுங்க. உங்க வண்டிக்கான எண் அதில் இருந்து தெரிஞ்சிடும். பாதிக்கு மேல் நிரம்ப விடாதீங்க. நிரம்பின கேனில் இருந்து மேனிஃபோல்ட் மொத்தமா உறிஞ்சினால் அது ஆவியா இல்லாமல் திரவமாவே உள்ளே போகும். டிராக்கில் ஒவ்வொரு செஷனுக்கும் நடுவில் பாருங்க. டிரெயின் குழாயைத் திருப்பி இறுக்கினீங்களான்னும் பாருங்க, லூஸா இருந்தால் அதுவே ஏர் லீக். அந்தக் குறிப்பு இன்னொரு விதத்திலும் உதவும்: திடீர்னு அளவு ரெண்டு மடங்கானால் என்ஜின் ஏதோ சொல்லுது.

"டீசல் ரீமேப்புக்கும் இது பொருந்துமா?"

பொருந்தும், இன்னும் கவனமா. டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கும். திரவ ஆயில் இன்டேக்குக்குப் போனால் சாவியை அணைச்சும் என்ஜின் அணையாமல் வேகம் ஏறிக்கிட்டே போகும் ஆபத்து இருக்கு. கேன் நிரம்பறதை அங்கே அனுமதிக்கவே கூடாது.

"கேனில் இருந்து வடிச்சதை எங்கே ஊத்தறது?"

இதுக்காகத்தான் ஏரியில் இருந்து ஆரம்பிச்சேன். செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள ஏரி, சென்னை குடிக்கிற தண்ணீர். ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளோட உபரிநீர் அங்கேதான் வந்து சேருது, அது நிரம்பினால் அடையாறு. டிராக் டே முடிஞ்சு, ஹைவே ஓரம் வண்டியை நிறுத்தி, கேனைத் திறந்து புல்லில் கவிழ்த்துட்டுக் கிளம்பறதைப் பார்த்திருக்கேன். "நூறு மில்லி தானே." ஒரு தடவை ஆயில் மாத்தும்போது வர்ற பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. நாலு லிட்டருக்கு அவ்வளவுன்னா நூறு மில்லிக்கு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. நம்ம ஊரிலும் 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவுக் கணக்கில்தான் வருது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. டிக்கியில் மூடி இறுக்கமா உள்ள ஒரு பழைய ஆயில் கேன் வச்சுக்குங்க. கேட்ச் கேனை அதில் வடிங்க. அடுத்த சர்வீஸ் அன்னைக்கு, வடிச்ச ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து, அங்கீகாரம் உள்ள மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கிற சர்வீஸ் சென்டரிலோ கேரேஜிலோ கொடுத்துடுங்க. கொடுக்கும்போது இதில் தண்ணியும் பெட்ரோலும் கலந்திருக்குன்னு சொல்லிடுங்க. பெட்ரோல் கலந்ததை வெல்டிங் நடக்கிற இடத்துப் பக்கத்தில் திறந்து வச்சிடப் போறாங்க.

அடுத்த வாரம் இன்டர்கூலர். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க.